ஆறு டிக்கெட், ஒரே வரிசை

1980 நவம்பர் 6, தீபாவளி. அன்று வெளியான தமிழ்ப் படங்களில் இரண்டு ஒரே விஷயத்தைப் பேசின. ஒன்று, கே.பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’. இன்னொன்று, பாரதிராஜாவின் ‘நிழல்கள்’. இரண்டிலும் படித்து முடித்த இளைஞர்கள்தான் நாயகர்கள். இரண்டிலும் அவர்களுக்கு வேலை இல்லை. இரண்டிலும் நண்பர்கள் ஒரே அறையைப் பங்குபோட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். பாலசந்தரின் படம் ஓடியது. பாரதிராஜாவின் படம் ஓடவில்லை. ஆனால், இளையராஜா அதற்குப் போட்ட பாட்டுகள் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அடுத்த ஆண்டே ராபர்ட்-ராஜசேகர் இரட்டையர் இயக்கிய ‘பாலைவனச் சோலை’ வந்தது. ஒரே தெருவில் வாழ்க்கை பிடிபடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஐந்து இளைஞர்கள், அந்தத் தெருவுக்குக் குடிவரும் ஒரு பெண், அவர்களுக்குள் வளரும் நட்பு என்று நகர்ந்த படம் அது. பட்டம் வாங்கிய கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, வராத கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒரு தலைமுறை, திரையில் தன்னையே பார்த்தது. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில், சமைக்க ஒன்றுமே இல்லாத நாளில் விருந்து சாப்பிடுவதுபோல நண்பர்கள் பாவனை செய்யும் காட்சி வரும். அதைப் பார்த்தவர்களில் பலருக்கு அது வெறும் கதையாக இருந்திருக்காது.

அந்தப் படங்களை அவர்கள் யாரோடு போய்ப் பார்த்தார்கள்? அறை நண்பர்களோடுதான். தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் பிந்தைய வாழ்க்கையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், அதில் பாதி திரையரங்க வாசலில்தான் நடந்திருக்கிறது.

சென்னையின் வரைபடமே இதற்குச் சாட்சி. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த ஆண்கள் தங்கியது திருவல்லிக்கேணி மேன்ஷன்களில். பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில், பொதுக் குளியலறை, கீழே இறங்கினால் மெஸ். அங்கிருந்து நடந்தே அண்ணா சாலைக்குப் போய்விடலாம். தேவி, சாந்தி, சபையர், ஆனந்த், கேசினோ, அண்ணா என்று வரிசையாகத் திரையரங்குகள். பஸ்ஸுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. இரவுக் காட்சி முடிந்து, பார்த்த படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே அறைக்குத் திரும்பிவிடலாம்.

சபையர் வளாகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964-இல் திறக்கப்பட்டு, இந்தியாவின் முதல் மல்டிபிளெக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த வளாகத்தில் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மூன்று அரங்குகள் இருந்தன. புளூ டைமண்டில் காலையிலிருந்து இரவு வரை படம் இடைவிடாமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். குளிரூட்டப்பட்ட அரங்கம். நேர்முகத் தேர்வுக்கு அலைந்து களைத்தவனுக்கு மே மாத மதியத்தில் அதைவிட நல்ல புகலிடம் இந்த ஊரில் இருந்ததில்லை. 1990-களில் சபையர் மூடப்பட்டது. 2016-இல் சாந்தி போனது. அசோக் நகரின் அடையாளமாக 1983 முதல் இருந்த உதயம் 2024-இல் மூடப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது சமூக ஊடகங்களில் கொட்டிய நினைவுகளில் படங்களின் பெயர்களைவிட நண்பர்களின் பெயர்களே அதிகம்.

இன்று பட்டம் வாங்குவோர் கூட்டம் வேறு. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதுக்காரர்களில் உயர்கல்வியில் சேர்வோரின் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய அளவில் அது 28.4 சதவீதம்தான். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 2010-இல் கருணாநிதி ஆட்சியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. குடும்பத்தில் யாரும் மிதித்திராத கல்லூரி வாசலை லட்சக்கணக்கானோர் மிதித்தார்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நட்பு ஓர் ஆடம்பரம் அல்ல. வேலை வாங்கித்தர மாமா இல்லை, வழிகாட்ட அண்ணன் இல்லை. எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், ரெஸ்யூமில் எதைப் போட வேண்டும், துரைப்பாக்கத்தில் எந்தப் பிஜியில் சாப்பாடு வாயில் வைக்கலாம், முதல் மாதச் சம்பளம் வரும்வரை வாடகைக்கு என்ன செய்வது… எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: “மச்சான்கிட்ட கேளு.” ஐ.டி. நிறுவனங்களில் ‘ரெஃபரல்’ என்று சொல்லப்படுவதன் இன்னொரு பெயர் கடைசி பெஞ்ச். தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு ஓ.எம்.ஆர். நெடுக முளைத்த பேச்சிலர் வீடுகள், திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் வாரிசுகள். அறை கொஞ்சம் பெரிது. திரையரங்கம்தான் நடக்கும் தூரத்தில் இல்லை. நாவலூருக்கோ மாயாஜாலுக்கோ வண்டி எடுக்க வேண்டும்.

பிறகு ஏன் இந்த நட்புகள் உதிர்கின்றன?

சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் எதுவும் நடக்காமல்தான் பிரிகிறார்கள். பிரிட்டனில் மானுடவியலாளர் ராபின் டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் 30 மாணவர்களைப் பள்ளியின் கடைசி மாதங்களிலிருந்து 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். சிலர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள். பழைய நட்புகளின் நெருக்கம் சராசரியாகக் குறைந்துகொண்டே போனது. உறவினர்களிடம் அந்தச் சரிவு இல்லை. சொந்தம் தன்னால் நிற்கும், நட்பை நாம்தான் நிலைநிறுத்த வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது ஆய்வேட்டிலும் ஏறிவிட்டது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது. எந்த நட்பு நிலைத்தது என்று பார்த்தபோது, பெண்களிடையே அதிகம் உதவியது பேச்சு. ஆண்களிடையே உதவியது சேர்ந்து எதையாவது செய்வது. ஆண் நண்பர்களைத் தொலைபேசி காப்பாற்றவில்லை.

‘பேட்ச் 2014’, ‘மெக் பாய்ஸ்’ என்ற பெயர்களில் உறங்கிக்கொண்டிருக்கும் வாட்ஸ்ஆப் குழுக்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம், இரங்கலுக்குக் கூப்பிய கைகள், நடுவில் யாரோ அனுப்பிய மீம். பேச்சு ஓடுவதற்குப் புதிதாக ஒரு பொது அனுபவம் வேண்டும். அது இல்லாதபோது, பழைய ஹாஸ்டல் கதையையே எத்தனை ஆண்டுகள் சொல்லிச் சிரிப்பது?

கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு மணிக்கணக்கே போட்டிருக்கிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். சும்மா உட்கார்ந்து பேசுவது, விளையாடுவது, ஊர் சுற்றுவது ஆகியவற்றுக்குத்தான் அதில் மதிப்பு. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த நேரம் அப்படி நெருக்கத்தை வளர்க்கவில்லை. விடுதியில் ஒரே மாதத்தில் இருநூறு மணி நேரம் கைக்கு வந்துவிடுகிறது. முப்பது வயதுக்குப் பிறகு அதே இருநூறைச் சேர்க்க ஆண்டுகள் பிடிக்கும். வேலைக்குப் போன பிறகு கிடைத்த எத்தனையோ நல்ல மனிதர்கள் ‘ஆபீஸ் ஃப்ரெண்ட்’ என்ற அளவிலேயே நின்றுவிடுவதற்கு அவர்களும் காரணமல்ல, நாமும் காரணமல்ல.

இங்கேதான் சினிமா வருகிறது. தமிழ்ப் படம் என்றால் இடைவேளையோடு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். போக வர ஒரு மணி. முடிந்ததும் டீக்கடையிலோ பரோட்டா கடையிலோ இன்னொரு மணி. அரை நாள் நண்பர்களுக்கென்று கழிகிறது. அதிலும் ஒரு வசதி: யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒருவனுக்கு வேலை போயிருக்கலாம், ஒருவனுக்குத் திருமணப் பேச்சு முறிந்திருக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்ல வாய் வராத விஷயம், தோளோடு தோள் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும்போது தானாக வரும்.

சேர்ந்து படம் பார்ப்பது மனிதர்களை நெருக்கமாக்குகிறது என்பதையும் டன்பாரின் குழு சோதித்திருக்கிறது. வீடற்ற ஒரு மனிதனின் துயரக் கதையைச் சொல்லும் ‘ஸ்டூவர்ட்: எ லைஃப் பேக்வர்ட்ஸ்’ என்ற படத்தைச் சிலருக்குக் குழுவாகப் போட்டுக் காட்டினார்கள். வேறு சிலருக்கு உணர்ச்சி கிளறாத ஆவணப்படங்கள். படத்துக்கு முன்னும் பின்னும், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் எவ்வளவு நேரம் வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். உடலில் எண்டார்ஃபின் சுரப்பதை மறைமுகமாக அறியும் வழி அது. 2016-இல் வெளியான முடிவின்படி, துயரக் கதையைப் பார்த்தவர்களுக்குச் சராசரியாக வலி தாங்கும் நேரமும் கூடியது, உடன் பார்த்தவர்கள்மீது ஒட்டுதலும் கூடியது. எல்லோருக்கும் ஒரேபோல அல்ல. கதையில் கரைந்தவர்களுக்குத்தான் அதிகம். ‘சேது’ பார்த்துவிட்டு வாயடைத்து வெளியே வந்த நண்பர்கள் இதை ஆய்வகம் இல்லாமலே அறிவார்கள்.

இதன் உச்சத்தைத் தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் கண்டது. சிதம்பரம் இயக்கிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஒரு மலையாளப் படம். கொச்சிக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊரிலிருந்து 2006-இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் குணா குகைக் குழிக்குள் விழுந்ததும், அவரை மீட்க இன்னொரு நண்பரே உள்ளே இறங்கியதும் உண்மைச் சம்பவம். அதைத்தான் படம் சொன்னது. மொழிமாற்றம்கூட இல்லாமல் வந்த படத்துக்குச் சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் கூட்டம். குடும்பங்களைவிட நண்பர் கூட்டங்களே முண்டியடித்தன. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது என்பது திரைத்துறையின் கணக்கு.

உச்சக்கட்டத்தில், 1991-இல் வெளியான ‘குணா’வின் இளையராஜா பாடல் ஒலிக்கும் இடத்தில் அரங்கமே எழுந்தது. காதல் பாட்டாக எழுதப்பட்டதை நட்பின் பாட்டாக மாற்றி வைத்தார் இயக்குநர். வெளியான காலத்தில் வசூலில் சறுக்கிய தமிழ்ப் படம் ஒன்றுக்கு, முப்பது ஆண்டுகள் கழித்துப் பக்கத்து மாநிலத்து நண்பர்கள் செய்த மரியாதையாகவும் அது இருந்தது. தமிழ் ரசிகர்கள் அந்த மலையாளப் படத்தைத் தங்கள் படமாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

படம் பார்த்த நண்பர்கள் படம் எடுத்தவர்களாக மாறிய கதையும் இங்கே உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, ஐ.டி. வேலைக்குப் போன கார்த்திக் சுப்புராஜ், கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டிக்கு வந்தார். நலன் குமரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் ஆகியோரும் அதே காலத்தில் அங்கே வந்தார்கள். அவர்களுடைய குறும்படங்களில் அப்போது அதிகம் அறியப்படாத விஜய் சேதுபதியும் பாபி சிம்ஹாவும் நடித்தார்கள். 2012-இல் ‘பீட்சா’, 2013-இல் ‘சூது கவ்வும்’ என்று அந்தச் செட்டு தமிழ் சினிமாவின் போக்கையே திருப்பியது. ‘சூது கவ்வும்’ படத்தின் மையத்திலும், சென்னையில் ஒரே அறையில் தங்கியிருக்கும் வேலையற்ற மூன்று நண்பர்கள்தான். பாலசந்தரின் டெல்லி அறையிலிருந்து நலனின் சென்னை அறைக்கு 33 ஆண்டுகள். வேலையின்மையின் முகம் மாறியிருக்கிறது. பாயைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் மாறவில்லை. 2014-இன் ‘வேலையில்லா பட்டதாரி’யிலும், வேலையில்லாத பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதில்தான் கதையே திரும்புகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் கதை. பெண்களுக்கு இந்த அரை நாள் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை. பழைய திரையரங்குகளில் பெண்களுக்குத் தனி கவுன்ட்டர் இருந்தது. டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. ஆனால், விடுதிக் கதவு மாலையிலேயே மூடிவிடும் என்பதால் மேட்னியைத் தாண்டிய சினிமா இல்லை. 2017-இல் பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’ படத்தில், விடுதியிலிருந்து ரகசியமாக வெளியேறி இரவில் சினிமாவுக்குப் போன தோழிகள் மூவர் மாட்டிக்கொள்கிறார்கள். படிப்பு அதோடு போகிறது. பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. படத்தில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

திருமணத்தோடு ஊர் மாறும், வீட்டு எண் மாறும், பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் எழுத்து வந்து சேரும். இணையம் வருவதற்கு முன்னால், கல்லூரித் தோழியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு இருந்த நூல் அத்தோடு அறுந்தது. ஆண்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. பெண்கள் நட்பைப் பேச்சில் காப்பாற்றுகிறார்கள் என்று பிரிட்டன் ஆய்வு சொல்வதை இங்கே படிக்கும்போது ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது: சேர்ந்து வெளியே போவதற்கு வழி இருந்திருந்தால் அவர்களும் போயிருக்க மாட்டார்களா?

இப்போது நிலைமை அசைந்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு ‘தோழி’ விடுதிகளைக் கட்டுகிறது. இரவுக் காட்சி முடிந்து கூட்டமாகச் சிரித்துக்கொண்டே வெளியே வரும் இளம்பெண்களைச் சென்னையின் மால்களில் இன்று எந்த வாரக் கடைசியிலும் பார்க்கலாம். சின்ன ஊர்களில் அந்தக் காட்சிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் பொதுவான தடைகள் வேறு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை மாணவர்கள் மல்டிபிளெக்ஸின் முன்வரிசையில் பத்து ரூபாய் சீட்டுக்காகக் கவுன்ட்டரில் கால் கடுக்க நின்றார்கள். இன்று சென்னை மல்டிபிளெக்ஸில் சாதாரண டிக்கெட் 190 ரூபாய் அளவில் இருக்கிறது. ஆறு பேருக்கு 1,140. இணையக் கட்டணமும் பாப்கார்னும் தனி. முதல் நாள் அதிகாலைக் காட்சியும் இல்லை. 2023 ஜனவரியில் கோயம்பேடு திரையரங்கம் ஒன்றின் எதிரே கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் காட்சி கிடையாது. அந்த அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது, கோவை நண்பர்கள் வண்டி பிடித்துப் பாலக்காட்டுக்குப் போய் அதிகாலைக் காட்சி பார்த்தார்கள். ஓர் உயிர் போனபின் வந்த கட்டுப்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. என்றாலும், வேலைக்குப் போகுமுன் படம் பார்த்துவிடும் வசதி அந்த அதிகாலையோடு போய்விட்டது. ஒன்பது மணிக் காட்சி என்றால் லீவு போட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில்தான் மறுவெளியீடுகள் வந்து சேர்ந்தன. 2004 ஏப்ரலில் வந்த ‘கில்லி’, 20 ஆண்டுகள் கழித்து 2024 ஏப்ரல் 20 அன்று மெருகேற்றப்பட்டு மறுபடி திரைக்கு வந்தபோது, புதுப்படத்துக்குரிய கூட்டம். கல்லூரியில் வகுப்பைக் கட் அடித்துவிட்டு அதைப் பார்த்தவர்கள் இப்போது நாற்பதை ஒட்டியவர்கள். பிள்ளைகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பழைய செட்டோடு அதே காட்சிகளுக்கு அதே விசிலை அடித்தார்கள். கதை தெரியும், வசனம் மனப்பாடம். திரையில் பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லாத படத்துக்குப் போவதென்றால், பக்கத்து இருக்கைக்காகத்தான் போகிறார்கள். 2010-இன் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ அண்ணா நகர் மால் ஒன்றில் மறுவெளியீட்டில் 1,000 நாட்களைக் கடந்து ஓடியது. அதன் நாயகன் கார்த்திக்கும் வேலை தேடாமல் சினிமாவைத் தேடிய ஒரு மெக்கானிக்கல் பட்டதாரி.

பத்து, இருபது ஆண்டுகள் தாண்டியும் சேர்ந்தே படம் பார்க்கும் கூட்டங்களைக் கவனித்தால், ஒவ்வொன்றிலும் டிக்கெட் போடுகிறவர் ஒருவர் இருப்பார். முன்பதிவு திறந்த நிமிடமே ஒரே வரிசையில் ஆறு இருக்கையைப் பிடிப்பவர் அவர். கைப்பணத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஜி-பேயில் வசூலிப்பதும் அவர்தான். “ஆபீஸ்ல மீட்டிங்” என்பவனை மிரட்டி, “குழந்தைக்குக் காய்ச்சல்” என்பவனை விட்டுவிட்டு, அந்த ஒரு சீட்டுக்கு வேறு ஆள் தேடுவார். அவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அவர் வெளிநாடு போய்விட்டால் ஆறு மாதத்தில் கூட்டம் கலைந்துவிடும், வேறொருவர் அந்த வேலையைத் தோளில் போட்டுக்கொள்ளாதவரை.

வெளிநாடு போனவர்களும் விட்டுவிடுவதில்லை. பெரிய நடிகர்களின் படங்களுக்கு அமெரிக்காவில் முந்தைய நாள் மாலையே பிரீமியர் காட்சி. நியூஜெர்சியில் இருப்பவர் வியாழன் இரவு பார்த்து முடிக்கும்போது, சென்னையில் வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு ஆட்கள் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். முதலில் பார்த்தவர் குழுவில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். சொன்னவரைக் குழுவிலிருந்தே தூக்கியதும் உண்டு. சென்னையில் படம் விட்டுப் பன்னிரண்டரை மணிக்கு வெளியே வந்தால் அங்கே நள்ளிரவைத் தாண்டியிருக்கும். எனவே, ஆறு பேரும் சேர்ந்து அந்தப் படத்தைக் கிழிக்கவோ கொண்டாடவோ சனிக்கிழமை மாலைவரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது அங்கே விடிந்திருக்கும், இங்கே டீ நேரம்.